லிஃப்ட்காரர் வீட்டு ஓவன்

மூக்கு அரிக்கிறது, இரண்டு கையிலும் கையுறை. லிஃப்ட்காரர் தோளைத் தூக்கி, மூக்கை அதில் நாலு தரம் தேய்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிகிறார். எதிரே கம்பியில் தொங்குவது கார் எஞ்சினின் மேல்மூடி. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, வெறுமனே ஒரு தரம் சூடாக்கி, உள்ளே ஒளிந்திருந்த எண்ணெயையும் கக்க வைத்து, இப்போதுதான் அதைப் பிறந்த மேனிக்குக் கொண்டு வந்திருக்கிறார். இனி வெறும் விரல் பட்டால் போச்சு. விரலின் பிசுக்கு ஒட்டிய இடத்தில் மட்டும் பூச்சு பிடிக்காமல் இளித்துக்கொண்டு நிற்கும்.

மூடியில் ஓர் எர்த் வயரைக் கவ்வ விடுகிறார். கையில் இருக்கும் துப்பாக்கி, சலூனில் தலைமுடி உலர்த்துவார்களே, அந்தக் கருவி அளவுதான் இருக்கும். அதன் வாயிலிருந்து கறுப்பு மாவு, அதாவது சூட்டில் உருகிப் பெயின்ட்டாகிற பவுடர், புகையாக வருகிறது. வரும்போதே மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு வருவதால், உலோகத்தைத் தேடிப்போய் அப்பிக்கொள்கிறது, முதுகுப்பக்கம்கூட விடுவதில்லை. “பாத்தீங்களாக்கா, கூப்பிடவே வேணாம், தானா போய் ஒட்டிக்கும்” என்கிறார், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் தையற்காரம்மாவிடம். மாதம் இரண்டு தடவையாவது இதைச் சொல்லிவிடுவார்.

“மாவு வரும் தம்பி. மனுஷங்களைக் கூப்பிட்டாத்தான் வருவாங்க” என்றாள் அவள் ஒரு நாள். அவர் குனிந்து எர்த் வயரைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

பிறகு ஓவன். இருநூறு டிகிரி, இருபது நிமிடம். ஆனால் அந்த இருபதை எப்போது எண்ணத் தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறதாம். “காத்து சூடாகறது வேற, இரும்பு சூடாகறது வேற. உள்ள வரைக்கும் ஏறணும்.” ஓவனின் சூடு காட்டும் முள்ளை அவர் நம்புவதில்லை. கண்ணாடி வழியே மாவு உருகிப் பளபளக்கிற வரை குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இருபது நிமிட மணியைத் திருகுவார். அரசமைப்பை மாற்றலாமா என்று கேட்டாலும், சட்டை எடுக்கலாமா என்று கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: “கொஞ்சம் சூடு ஏறட்டும்.”

பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறார், பத்தொன்பது வருடமாக. இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசியே தெம்பு கொடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரு மாப்பிள்ளையை அவன் கல்யாணத்தன்று முக்கால் மணி நேரம் சிரிக்க வைத்துக்கொண்டே வெளியே எடுத்தார். அப்பேர்ப்பட்ட வாய், மனைவியின் போன் வந்தால் மூன்று வாக்கியத்தில் வற்றிவிடும். “சாப்டியா? அங்க குளிரா? சரி, வேலையப் பாரு.” வைத்தபிறகு, சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் குளியலறைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மனைவி நர்ஸ். நாலு வருடமாகக் கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு தடவை மூன்று வார விடுப்பில் வந்து போனாள். திரும்பிப் போன அன்று வாடகைக் காரில் விமான நிலையம் போனார்கள். டிரைவர் வழி நெடுக மணி பார்த்துக்கொண்டே வந்தான். அவன் முன்னால் என்ன பேசுவது? இறங்கும்போது அவள் சொன்னாள்: “அடுத்த தடவை நம்ம கார்ல வந்து கூட்டிட்டுப் போங்க. யாரும் மணி பாக்கக் கூடாது.”

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷன். அடுத்த வாரமே, மரத்தடியில் வருடக்கணக்காக மழை குடித்துக் கிடந்த ஒரு சின்ன காரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பட்டறைக்காரன் தலையை ஆட்டினான். “இதுக்குச் செலவு பண்றது வீண்ணே.” ஆகவே தன் கையே தனக்கு உதவி. இப்போது அந்தக் காரின் பாதி வீட்டை ஒட்டிய கொட்டகையிலும் மீதிப் பாதி கட்டிலுக்கடியிலும் இருக்கிறது. பழைய போர்வைத் துண்டுகளில் சுற்றிய பிராக்கெட்டுகள், ஸ்பிரிங்குகள், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகள். அவற்றின் மேல்தான் தூங்குகிறார்.

சக்கரங்களுக்கு மட்டும் நீலம் என்பது அவள் விருப்பம். மாவுக்கடையில் பதினொரு நீலம் இருந்தது. விட்டாரா? பதினொன்றிலும் துளித்துளி வாங்கி, வீட்டுக் கரண்டிகளில் ஆளுக்கொரு நிறமாகச் சுட்டு, ஜன்னலில் வரிசையாகக் கட்டிப் படமெடுத்து அனுப்பினார். “போன்ல எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுது. வந்து பாத்துச் சொல்றேன்” என்று பதில் வந்தது. அந்த “வந்து”வை அவர் எத்தனை தடவை படித்தார் என்று கணக்கில்லை. வீட்டில் சாப்பிட இப்போது இரண்டே கரண்டிதான் மிச்சம்.

ஓவன் விவகாரத்துக்கு வருவோம். முதலில் ரொட்டி சுடுகிற சின்னப் பெட்டி ஒன்றில்தான் ஆரம்பித்தார். சஸ்பென்ஷன் கை வந்தபோது இரண்டு விரல் நீளம் இடித்தது. சமையலறையில் மனைவியின் ஓவன் சும்மா இருந்தது. இங்கே நர்ஸாக இருந்த முதல் வருடச் சம்பளத்தில் அவள் ஆசைப்பட்டு வாங்கியது. அவள் இருந்தவரை ஞாயிறு தவறாமல் அதில் கேக் வேகும். தெருவுக்கே வாசம் போகும். ஒரே ஒரு தடவை, பிறகு நன்றாகத் துடைத்து வைத்துவிடலாம் என்று கொட்டகைக்குத் தூக்கினார். பூச்சு கண்ணாடி போல வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாவுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: பவுடர் சுட்ட ஓவனில் அதன்பின் எக்காலத்திலும் உணவு சமைக்கக் கூடாது.

ஒன்றரை வருடமாக இந்த முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார். வீடியோவில் அவள் கூப்பிட்டால் வாசல் படியில் உட்கார்ந்துதான் பேசுவார். “எப்பவும் வாசல்லயே இருக்கீங்களே, வீட்டுக்குள்ள யார வச்சிருக்கீங்க?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். இவரும் சிரித்து வைத்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இதற்கிடையில் போன வாரம் சொன்னாள், ஒப்பந்தம் முடிகிறதாம். “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வியாழக்கிழமைக்குள்ள பதில் எழுதணும். என்ன எழுதட்டும்?”

“உன் இஷ்டம்” என்றார். வா என்று சொன்னால் அவள் உழைப்பில் குறுக்கே விழுந்ததாகிவிடும் என்பது அவர் நியாயம். அந்த இரண்டு சொல்லைக் கேட்டு அங்கே ஒருத்தி என்ன நினைப்பாள் என்பது அவருக்கு எட்டவில்லை. அவள் இல்லாமல் அவரால் முடியவில்லை, அதுதான் உண்மை. கட்டிலில் ஓரமாகவே படுத்துப் படுத்து மெத்தையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள். முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு கலகலப்பு. “ஏங்க, இங்க கடையில கேக் அச்சு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நம்ம ஓவனுக்குள்ள போகுமான்னு தெரியல. உள்தட்டு எத்தனை அங்குலம்னு அளந்து சொல்றீங்களா? இப்பவே சொல்லுங்க, கடையிலதான் நிக்கறேன்.”

லிஃப்ட்காரர் பேந்தப் பேந்த விழித்தார். வாயில் வந்த நாலு பொய்யும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. எழுந்து கொட்டகைக்குப் போய், ஆறிக் கிடந்த ஓவனின் கதவைத் திறந்து, போனைத் திருப்பிக் காட்டினார். உள்ளே கம்பிக் கொக்கியில் எஞ்சின் மூடி தொங்கியது. சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி.

“இதுல இனிமே கேக் வைக்க முடியாது” என்றார்.

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. “எப்பலேந்து?” என்றாள்.

“ஒன்றரை வருஷமா.”

“அப்ப, நான் வரமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டீங்க.”

“அய்யோ, அது அப்படி இல்ல” என்று ஆரம்பித்தார். உன்னைக் கூட்டி வரத்தானே இந்தக் கார், இந்தக் காருக்காகத்தானே அந்த ஓவன் என்று சொல்ல வேண்டும். கை போய் ஓவன் கதவைத்தான் சாத்தியது.

“சரி, வச்சுடறேன்” என்றாள் அவள்.

“வைக்காத” என்றார். போனைப் பிடித்தபடி விறுவிறுவென்று சமையலறைக்குள் போய், தண்ணீர்க் குடத்தின் மேல் அதைச் சாய்த்து வைத்தார். சின்னச் சமையலறை அது. பாத்திரங்கள் தரையில் அடுக்கடுக்காக நிற்கின்றன, கோதுமை மாவு டப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. ஆனால் மேடையில் ஓவன் இருந்த இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் காலி. ஒரு டம்ளர்கூட அங்கே வைக்கப்படவில்லை.

இடுப்பில் செருகியிருந்த அளவு நாடாவை எடுத்தார். முனையைச் சுவரில் அழுத்தி, மேடையின் விளிம்புவரை இழுத்தார். “அகலம் இருபத்தஞ்சு” என்றார். மேலே அலமாரி வரை நிறுத்திப் பார்த்து, “உயரம் பத்தொம்பது” என்றார்.

“உன் அச்சு எத்தனை அங்குலம், சொல்லு. புதன்கிழமை புது ஓவன் வாங்கக் கடைக்குப் போறேன்.”

அவர் நாடாவை மறுபடி சுவரிலிருந்து விளிம்புவரை இழுத்து, சுருண்டுவிடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி நின்றார்.