இரண்டு படி இறங்கிய தூண்

தூண் என்பது டிரம்ஸ்காரன் வைத்த பெயர். மேடை ஏறினால் இறங்கும்வரை அவருக்கு ஒரே இடம்தான்: டிரம்ஸுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரம். பாடகி ஆடுவாள், கீபோர்டு வாசிக்கும் மச்சான் கண்ணை மூடித் தலையாட்டுவார், டிரம்ஸ்காரன் வியர்வையால் குளிப்பான். தூண் மட்டும் சுவரில் மாட்டிய படம் போல நின்று பேஸ் கிட்டார் வாசிப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்குக்கு மட்டும் பயன்பட்டு வந்தது.

பகலில் கடை ஷட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. சனி, ஞாயிறு சாயங்காலம் வாசிப்பு. பேஸ் வாசிக்கிறவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதில் அவருக்குப் பெரிய வருத்தமும் இல்லை. பல குடும்பங்களின் விழா ஆல்பங்களில் அவருடைய முழங்கை மட்டும் பத்திரமாக இருக்கிறது. "அண்ணே, உங்க கிட்டார்ல ரெண்டு கம்பி அறுந்துபோச்சு போலிருக்கே" என்று போகிற இடமெல்லாம் ஒருவர் வந்து அக்கறையாகச் சொல்வார். பேஸுக்கு நாலே கம்பிதான் என்று விளக்கிச் சலித்துப்போய், ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அவருடைய சாமான்களை வீட்டில் யாரும் தொடக்கூடாது. தொடவும் முடியாது. கிட்டார் பச்சைக் குழந்தை கனம் என்றால், ஒலிபெருக்கிப் பெட்டி அந்தக் குழந்தையின் தாய்மாமன் கனம். ஒரு தோல் பையில் வயர்கள், பியூஸ், பாட்டரி, கறுப்பு டேப், திருப்புளி, டார்ச். எந்தக் கச்சேரியிலும் யாருக்கு எது செத்தாலும் அந்தப் பையைத்தான் தேடி வருவார்கள். பெட்டியைத் தூக்கும்போது அவர் வில்லாக வளைவார். அவர் மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்ப்பவர். ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையே ஆயுள் முழுக்கச் செய்தவர். முட்டியை மடக்கித் தூக்கணும், முதுகை மடக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். பெட்டி என்ன, மனுஷனா என்று தூண் கேட்பார். தூக்குற நீங்க மனுஷன்தானே என்று பதில் வரும்.

குழுவை நடத்துவது மனைவியின் அண்ணன், அதாவது தூணின் மச்சான். அந்த மச்சானிடம் ஒரு பழைய விளையாட்டுப் பேச்சு உண்டு. தூண் எப்போதாவது வர முடியாது என்றால், "நீ ஜம்முனு போய்ட்டு வா மாப்ளே, என் இடது கை பாத்துக்கும்" என்பார். கீபோர்டின் இடது ஓரத்தில் பேஸ் சத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம். வலது கை பாட்டுக்கு, இடது கை பேஸுக்கு. இருபது வருஷமாக அதைக் கேட்டுச் சிரித்து வந்தவருக்கு இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. ஊரிலுள்ள மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாக பேஸ்காரரைக் கழற்றிவிட்டிருந்தன. மேடையில் இடம் மிச்சம், வண்டியில் இடம் மிச்சம். இப்போது பெரிய விருந்து மண்டபம் ஒன்று சனிக்கிழமைதோறும் வாசிக்க ஆள் தேடியது. ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்தில் இவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக மண்டபத்து மேனேஜர் சொல்லியிருந்தார். மண்டபத்தில் மேடை சின்னது என்றும் கூடவே சொன்னார். அதைக் கேட்டதும் மச்சான் தன் இடது கையை ஒரு பார்வை பார்த்தார். தூணும் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தூணின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் கட்டெறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. கம்பியை அழுத்தினால் அழுத்தினோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வெளியே சொன்னால் மறுநாளே வேலை மச்சானின் இடது கைக்குப் போய்விடும் என்று பயந்தார். பயந்த மனுஷனுக்குக் குறுக்கு வழிதான் முதலில் தெரியும். பாடகியின் பாட்டுகளில் பாதிக்கு மேல் சி சுருதியில் இருந்தன. அதில் வாசிக்க நாலு விரலும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதையே டி சுருதிக்கு, அதாவது இரண்டு படி மேலே ஏற்றிவிட்டால், அடிக்கடி வரும் மூன்று ஸ்வரங்களும் விரலே வைக்காமல் வெறும் கம்பியில் விழும். மீதிக்கு இரண்டு விரல் போதும். ஒத்திகையில் ஒருநாள், டி-யில் பாடினால் உன் குரல் பளிச்சென்று இருக்கிறது என்று பாடகியிடம் சொன்னார். அவரை அண்ணன் என்று நம்புகிறவள் அவள். சரி என்றாள். கீபோர்டில் ஒரு பொத்தான் அழுத்தினால் சுருதி மாறிவிடும் என்பதால் மச்சானும் சரி என்றார். ஒவ்வொரு பாட்டாக எல்லாம் மேலே ஏறின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இவர் கூடத்தையே முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பாடகி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஒரு ஞாயிறு காலை தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூணின் வீட்டுக்கு வந்தாள். அவருக்காக வரவில்லை. இருமல், சளி, வாயு என்று எதற்கும் அந்தத் தெருவே தூணின் மனைவியிடம்தான் வரும். தூண் பக்கத்து அறையில் கிட்டார்க் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

குரல் சாயங்காலத்துக்குள் கம்மிவிடுகிறது, ஆவி பிடித்தாயிற்று, டாக்டரிடமும் போயாயிற்று, தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார், ஆனால் மூன்று மணிநேரம் பாடினால் மறுநாள் கடையில் பேசவே முடியவில்லை என்று அவள் சொன்னாள். கம்பெனி விருந்தோடு பாட்டை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறாளாம்.

மனைவிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒருவருக்கு உடம்பு திடீரென்று கெட்டால் சாப்பாட்டில், தூக்கத்தில், வேலையில் எது மாறியது என்று கேட்கத் தெரியும். அதையே கேட்டார்.

"எதுவும் மாறலைக்கா. பாட்டெல்லாம் கொஞ்சம் மேல ஏத்திப் பாடறோம், அவ்வளவுதான். அண்ணன்தான் சொன்னாரு, அப்பதான் குரல் பளிச்சுனு இருக்குன்னு."

பக்கத்து அறையில் கம்பி துடைக்கும் சத்தம் நின்றது. மனைவி அந்தக் கதவைப் பார்த்தார். வெந்நீர் குடி, ஒரு வாரம் சத்தம் போட்டுப் பேசாதே என்று பாடகிக்குச் சொல்லி வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். அப்புறம் மேஜையிலிருந்து மின்கட்டண ரசீதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"இடது கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. சட்டைப் பொத்தானை ரெண்டே விரலால போட்டுக்கறதை எத்தனை நாளா பாத்துக்கிட்டிருக்கேன்."

ரசீதை அவருடைய மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் செருகி, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மெல்ல இழுத்தார். வெண்ணெயிலிருந்து நூல் வருவது போல ரசீது வந்தது. வலது கையில் அதையே செய்தபோது காகிதம் கிழிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் கதை தெரியும். இவர் மறைத்தது அடுத்தவள் தட்டில். மனைவி கத்தவில்லை; இல்லத்தில் மருந்தைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும் கிழவர்களிடம் பேசுகிற குரலில்தான் பேசினார். நரம்பு எங்கேயோ அழுந்துகிறது, நாளைக்கே டாக்டரிடம் போகிறோம். ஆனால் அதற்கு முன்னால், ஒத்திகையில், அவளிடம் நீங்களே சொல்கிறீர்கள்.

"சொன்னா உங்கண்ணன் என்னைக் கழட்டி விட்டுடுவாருடி."

"விட்டா விடட்டும். உங்க விரலுக்காக அவ தொண்டையை அடகு வைக்க முடியாது."

ஒத்திகை டிரம்ஸ்காரனின் டயர் கடைப் பின்னறையில் நடக்கும். ரப்பர் வாடை, பழைய டயர் அடுக்கு, அதன்மேல் ஆளுக்கொரு டீ. தூண் தன் வழக்கமான இடத்தில் நிற்காமல் நடுவில் வந்து நின்றதைப் பார்த்தபோதே டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். தூண் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். விரல் மரத்ததையும் சொன்னார். பளிச்சென்று இருக்கிறது என்றது பொய் என்பதையும் சொன்னார்.

பாடகி டீயை டயர்மேல் வைத்தாள்.

"கஷாயமா குடிச்சு எனக்கு நாக்கே செத்துப்போச்சுண்ணே. என் தொண்டைதான் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உங்களுக்காகப் பாட்டை மாத்தியிருக்க மாட்டேனா?"

 தப்புதாம்மா என்று மட்டும் சொன்னார் தூண். இனிமேல் தன் பாட்டெல்லாம் சி-தான், அதில் வாசிக்கிறவர் வாசிக்கலாம் என்று அவள் முடித்துவிட்டாள். நியாயம்தான். எல்லோரும் மச்சானின் இடது கையைப் பார்த்தார்கள். மச்சானோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ளே, உன் நாலு கம்பியையும் ரெண்டு படி தளர்த்தியிருந்தா சி-யே வெறும் கம்பில விழுந்திருக்குமே. நாலு திருகைத் திருப்பற வேலை. அதை விட்டுட்டு ஒரு பொம்பளையோட தொண்டையைத் திருகியிருக்கே."

அது தூணுக்குத் தெரியாததல்ல. ஆனால் கம்பியைத் தளர்த்துகிறவன் பேஸ்காரனே இல்லை என்று அவரே ஊர் முழுக்கப் பேசி வைத்திருந்தார். அடுத்த குழுவின் பேஸ்காரர் ஒருமுறை ஒரு பாடகருக்காகத் தளர்த்தியபோது, துணி காயப்போடும் கொடியில் வாசிக்கிறான் என்று கேலி செய்தவரும் இவர்தான். டிரம்ஸ்காரன் அதை இப்போது சொல்லிக் காட்டினான். "அப்ப நம்மளும் கொடியில துணி காயப்போட்டுடலாமா தூணண்ணே?" என்று அவன் கேட்க, பாடகிக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

மச்சான் தீர்ப்புச் சொன்னார். விருந்தில் தூண் வாசிக்கட்டும், தன் இடது கையும் கீபோர்டில் தயாராக இருக்கும். அது வேலை செய்ய வேண்டி வந்தால், சனிக்கிழமை மண்டபத்துக்கு மூன்று பேர்தான் போவார்கள்.

சொல்வது போலச் சுலபமாக இல்லை. தளர்த்திய கம்பி தகரக் கூரையில் மழை பெய்வது போல அதிர்ந்தது. இசைக்கருவிக் கடைக்குப் போய்த் தடித்த கம்பிகள் வாங்கினார். அவை கிட்டாரின் கழுத்துமுனையில் கம்பி பதியும் பள்ளத்தில் உட்காரவில்லை. ஷட்டர் வேலைக்கு வைத்திருந்த மெல்லிய அரத்தை எடுத்து, பள்ளத்தை மயிரிழை மயிரிழையாக அகட்டினார். டாக்டர், தோளில் வார் அழுத்துவதும் பெட்டி தூக்குவதும்தான் காரணம் என்றார். மனைவி கிட்டார் வாரைப் பிடுங்கிப்போட்டு, உள்ளங்கை அகலத்தில் பஞ்சு வைத்த வார் ஒன்றைத் தைத்தார். பெட்டிக்குச் சக்கர வண்டி வந்தது. மேலே ஏற்றவும் இறக்கவும் இரண்டு பேர், முட்டியை மடக்கி.

கடைசியாக நாற்காலிப் பிரச்சினை. உட்கார்ந்து வாசித்தால்தான் தோள் தாங்கும். மச்சானுக்கு அதில் சம்மதமில்லை. உட்கார்ந்தால் மேடையின் களை போய்விடும், விருந்துக்காரர்களுக்குத் தூக்கம் வரும் என்றார். மனைவி அண்ணனுக்குப் போன் செய்தார்.

"டிரம்ஸ்காரர் உட்காந்துதானே அடிக்கிறாரு? நீயும் உட்காந்துதானே வாசிக்கிறே? எந்த ஊர்ல தூண் ஓடியாடிப் பாத்திருக்கே நீ?"

உயரமான ஸ்டூல் ஒன்று மேடைக்கு வந்தது.

விருந்து வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. கம்பெனிக்காரர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். மண்டபத்து மேனேஜர் பின்சுவரில் சாய்ந்துகொண்டார். முதல் பாட்டில் மச்சானின் இடது கை, எலிப்பொந்துக்கு முன்னால் பூனை போல, கீழ்க்கட்டைகளின்மேல் அந்தரத்தில் நின்றது. தூணுக்குக் கம்பெனியும் தெரியவில்லை, மேனேஜரும் தெரியவில்லை. அந்தக் கை மட்டும் தெரிந்தது. கடைக்கண்ணில் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் இரண்டாவது சரணத்தில் ஒரு ஸ்வரம் நழுவியது. உடனே கை இறங்கி அந்த இடத்தை நிரப்பிவிட்டு மேலே போனது. யாருக்கும் தெரியவில்லை. தூணுக்குக் காது சூடாகிவிட்டது.

பாடகி திரும்பினாள். பாட்டை நிறுத்தாமலே இரண்டடி பின்னால் வந்து, அவருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இப்போது அவருக்கு மச்சானின் கை தெரியவில்லை. அவளுடைய முதுகுதான் தெரிந்தது, குரல்தான் கேட்டது. பழைய இடத்துக்கு இறங்கிய குரல் வீட்டுக்குத் திரும்பிய மாடு போல அடங்கி நடந்தது. அதன் கீழே தடித்த கம்பிகள், முன்னைவிட ஆழமாக, தரையிலிருந்து வருவது போல ஒலித்தன. டிரம்ஸ்காரன் வாயைப் பிளந்து திரும்பிப் பார்த்தான். அவன் அமர்ந்திருந்த பலகையே அதிர்ந்ததாம். மூன்றாவது பாட்டில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பருத்த மனிதர் தட்டை வைத்துவிட்டு ஆட வந்தார். அவர் பின்னால் ஒரு கூட்டம் வந்தது.

இடைவேளையில் மேனேஜர் வந்து மச்சானிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். மச்சான் திரும்பி வந்தபோது இடது கையில் ஒரு பஜ்ஜி இருந்தது. சனிக்கிழமை நாலு பேரும் சீக்கிரம் வர வேண்டும், மேடை குறுகலாம், ஸ்டூலை ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நாலு பேர் என்று சொன்னதைத் தவிர வேறொன்றும் விசேஷமாகச் சொல்லவில்லை; முதல் பாட்டில் தன் கை ஒருமுறை இறங்கியதைக் கணக்கிலும் சேர்க்கவில்லை. எடுத்துக்கோ என்று பஜ்ஜியை மட்டும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

பாடகி வெந்நீர்க் கோப்பையோடு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் கம்மவில்லை. இன்னும் கொஞ்சம் கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது.

"அண்ணே, அந்த மெதுவான பாட்டை அடுத்த வாரம் இன்னும் ஒரு படி இறக்கிப் பாடிப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. உங்களால முடியுமா? பொய் சொல்லாம சொல்லுங்க."

தூண் இடது கையின் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். சுண்டு விரலில் எறும்பு ஊர ஆரம்பித்திருந்தது. டாக்டர் அதை நல்ல அறிகுறி என்று சொல்லியிருந்தார்.

"கடைசிப் பாட்டா வெச்சுக்கம்மா," என்றார். "நடுவுல திருகினா கம்பி சுருதியில நிலைக்காது. சுண்டு விரல் இன்னும் முழுசா வரலை. அதுல ரெண்டு இடம் எனக்கு எட்டாது, அதை மச்சான் வாசிக்கட்டும்."