சுவரில்லாத கொட்டகைக்கு அனுமதி வேண்டாம்

தளியில் பஞ்சாயத்து போர்டு குமாஸ்தாவாக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. வீட்டை ஒட்டி அறை கட்ட நினைப்பவர்கள் என்னிடம்தான் வரைபடம் கொண்டுவருவார்கள். மனையில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் போர்டின் விதி. சுவரில்லாத புல் கொட்டகைக்கு மட்டும் அனுமதி தேவையில்லை.

பக்கத்து வீட்டு பாய் பூ வியாபாரி. விடிந்ததும் சாமந்திக் கூடைகளோடு ஓசூர் பஸ்ஸுக்குப் போய்விடுவார். எல்லோரிடமும் தமிழ்தான் பேசுவார்; பாத்தியில் வாய் வைக்கும் ஆடுகளைத் திட்டுவதற்கென்று கொஞ்சம் கன்னடம் வைத்திருந்தார். எங்கள் இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே வேலி கிடையாது. அவருடைய சாமந்திப் பாத்தி எங்கள் கிணற்றடி வரை வரும். என் மனைவி அதற்கும் சேர்த்துத் தண்ணீர் விடுவாள். பதிலுக்குத் தினமும் எங்கள் கதவில் ஒரு முழம் பூ தொங்கும்.

எனக்கு ஓர் அறை கட்டிக்கொள்ள ஆசை வந்தது. புத்தக அலமாரிக்கும் சாய்வு நாற்காலிக்கும் இடம் வேண்டும், அவ்வளவுதான். மனையில் திறந்தவெளி போதவில்லை. வரைபடத்தில் பாயின் சாமந்திப் பாத்தியை என் கொல்லையாகக் காட்டினேன். தலைவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுவருஷம் பாய் வந்தார்.

“கிளார்க்கய்யா, பொண்ணு தலப்பிரசவத்துக்கு வருது. இருக்கறது ஒரே ரூமு, அதுலயும் பூக்கூடை. பாத்தியில பத்தடி எடுத்து ஒரு அறை போட்டுக்கறேன். வரைபடம் நீங்களே போட்டுக் குடுத்துருங்க.”

இரண்டு வரைபடங்களும் ஒரே கோப்புக்கட்டில் சேர்ந்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். வேலையே போகலாம்.

“திறந்தவெளி போதாது பாய். விதி இடம் குடுக்காது” என்றேன். அது பொய். அவருக்குத் தாராளமாக இடம் இருந்தது.

“சட்டம்னா சட்டந்தான். வேற வழி?”

“சுவரில்லாம கொட்டகை போடுங்க. அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்.”

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மூன்றே நாளில் கொட்டகை எழுந்தது. சுற்றிலும் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார். பெண் வந்தாள். மார்கழி மாதம், தளியின் காற்றுக்குச் சாக்கு எந்த மூலைக்கு? என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் சாய்வு நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து என் அறைக்குள் அழைத்து வந்தாள்.

“என்ன இது?” என்றேன்.

“நாற்காலிக்கு நாலு சுவரு, புள்ளத்தாச்சிக்குச் சாக்கா? உங்க சட்டத்த எழுதுனவன் புள்ள பெத்துப் பாத்திருக்கானா?”

வரைபடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் அந்த அறையில் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் அங்கே சாம்பிராணி மணந்தது. நான் கொட்டகையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியபடி ஆபீஸ் காகிதங்களைப் பார்த்தேன். குழந்தை அழுதால் கிணற்றடியிலிருந்து என் மனைவி ஓடுவாள். ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்த பாய் பாதியில் நிறுத்துவார். எங்கள் வீடு அவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை. “கிளார்க்கய்யா வழி சொல்லலேன்னா நான் என்ன பண்ணிருப்பேன்” என்று பாய் சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் என்னிடம் வந்து பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

பெண்ணும் குழந்தையும் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டுப் போன அன்று, கொட்டகையில் சாக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்த பாய் கேட்டார்: “அடுத்த பிரசவத்துக்காச்சும் சுவரு வெக்க முடியுமா கிளார்க்கய்யா? மனு போட்டுப் பாக்கலாமா?”

நான் செய்ததைத் தலைவரிடம் ஒப்புக்கொண்டு என் அறையை இடித்திருந்தால் போதும்; அவருக்குச் சுவர் கிடைத்திருக்கும்.

“முடியாது பாய்” என்றேன்.

“சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு, அவர் சாக்குகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். அடுத்த முறைக்கு ஆகும் என்றார்.