சுடலைக்கரை என்று சொன்னேன்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, இதைச் சொல்ல இன்றைக்கும் பயந்துகொண்டுதான் எழும்பி நிற்கிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். வீரம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம், ஒரு வைகாசி மாதம். மாங்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடியேறிய எங்கள் பகுதியில் வேதக்காரர் என்று சொல்ல, கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒரு வீட்டார்தான். மத்தியானம் திரும்பிய நேரம், விறகு பொறுக்கப் போன என் மூத்த மகள் ரூத் நொண்டி நொண்டி வந்தாள். சுடலைக்கரைப் புற்றடியில் ஏதோ கடித்தது என்றாள். பாம்பை அவள் காணவில்லை. கணுக்காலில் பல் பட்ட அடையாளம் இருந்தது. என் மனைவி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, அழவும் மறந்து இருந்தாள்.

ஆஸ்பத்திரி தூரம். பஸ் காலையோடு போய்விட்டது. அடுத்த ஊரில் இருந்த விஷகடி வைத்தியம் பார்க்கும் பரியாரியாரை விட்டால் வேறு வழியில்லை. சைக்கிளை எடுத்தேன். பக்கத்துக் காணிச் செல்லத்துரை அண்ணை ஓடிவந்து மறித்தார்.

"தம்பி, எங்க வைச்சுக் கடிச்சது எண்டு அவர் கேப்பார். சுடலை எண்டு மட்டும் வாய் திறந்திடாதையும். சுடலைக்கடி தப்பாது எண்டு வரமாட்டார். வயல் வரம்பு எண்டு சொல்லும்."

நல்ல மனிதர். என் பிள்ளைமேல் இருந்த பாசத்தில் சொன்னார்.

வழியெல்லாம் காடு. சூடு ஆறாத யானை லத்தி கிடந்தது. வேறு நாள் என்றால் திரும்பியிருப்பேன். அன்றைக்கு யானைக்குப் பயப்பட மனதில் இடமில்லை. 'வயல் வரம்பு, வயல் வரம்பு' என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். ஒரு சொல்தானே ஆண்டவரே, பிள்ளையின் உயிருக்குத்தானே என்று கெஞ்சினேன். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஜெபிக்க என்னால் முடியவேயில்லை.

பரியாரியார் முற்றத்தில் வேர் காயவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வைச்சுக் கடிச்சது?"

"சுடலைக்கரையில, ஐயா. புற்றடியில."

சொன்னவுடனே, என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் முகம் இருண்டுபோனது.

"சுடலைக்கடிக்கு என்ர தகப்பனாரும் போனதில்லை, நானும் போறதில்லை."

நான் அந்த மண்ணிலேயே குந்திவிட்டேன். 'ஆண்டவரே, உள்ளதைச் சொல்லிப்போட்டன். இனி என்னட்ட ஒண்டுமில்லை. நீர்தான் பாக்கவேணும்.' இவ்வளவுதான் என் ஜெபம். அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கையிலிருந்த வேரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பொய் சொல்லித்தந்து ஒருத்தரும் அனுப்பேல்லையோ?"

"ஓம் ஐயா, சொல்லித்தந்தவை. எனக்கு ஏலாமல் போச்சு."

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மருந்துப் பெட்டி இருந்தது. "எழும்பும். சைக்கிளை எடும்" என்றார்.

வீட்டை அடைந்தபோது ரூத்தால் இமையைத் தூக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. பரியாரியார் மருந்து அரைத்தார். அவர் தன் வழக்கப்படி ஏதோ முணுமுணுத்தார். நானும் மனைவியும் எங்கள் ஆண்டவரை விடாமல் கூப்பிட்டோம். பொழுதுபடும் நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

கை கழுவும்போது பரியாரியார் சொன்னார்.

"இது நாகம். புற்றடி எண்டு சொன்னபடியால் அதுக்குரிய மருந்தைக் கொண்டு வந்தனான். வரம்பு எண்டிருந்தால் ஒரு கேள்வியும் கேளாமல் ஓடி வந்திருப்பன், வரம்பில கிடக்கிற புடையன் பாம்புக்கான மருந்தோட."

பக்கத்தில் நின்ற செல்லத்துரை அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. என் நா நுனிவரை வந்து நின்ற சொல் அது!

உண்மை சொன்னால் எல்லாப் பிள்ளையும் பிழைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை பிழைக்காத வீடுகளும் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு, வேண்டாத ஆள் வாசல் படலைக்கு வந்தால்கூட 'அவர் வீட்டில் இல்லை' என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. பயம் போன பிறகு உண்மை பேசலாம் என்று காத்திராதேயுங்கள், சகோதரங்களே. எனக்குப் பயம் போகவேயில்லை. பயத்தோடுதான் சொன்னேன். அதையும் ஆண்டவர் கேட்டார்.