பெயரும் ஊரும் சொல்லி வந்தவன்

நேற்று மாலை கடற்கரையில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றேன். அங்கே போட்டிருந்த மேடையில் ஒரு பொடியன் ஒலிவாங்கியைப் பிடித்து ராப் பாடத் தொடங்கினான். முதல் அடியில் தன் பெயர், அடுத்த அடியில் ஊர். என் கையிலிருந்த கச்சான் முழுவதும் மணலில் கொட்டிவிட்டது.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எழுபது கடந்தவன் ராப்புக்கா பயப்படுவான்?

சண்டைக் காலத்தில் நகரத்துச் சனசமூக நிலையமொன்றில் கூத்துப் பழக்கினேன். பொடியள் நிமிர்ந்து கதைக்கவே மறந்திருந்த நாட்கள். மத்தளத்துக்கு வராதவர்கள் ராப்புக்கு வந்தார்கள். நானும் பாடிப் பார்த்தேன். "சேர், மூச்சு விடுங்கோ!" என்று கத்தினார்கள். கூத்தில் மேடைக்கு வருகிறவர் வரவுப்பாட்டில் தன் பெயரும் நாடும் சொல்லித்தான் ஆடுவார். அந்த இடத்தில் அவரவர் சொந்த ராப் என்று வைத்தேன். படித்தவன் யோசனை அல்லவா, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர்களில் ஒருவன் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, அக்காவோடு வாடகை அறையில் இருந்தான். மீன்வாடியில் வேலை, அவனுக்கு முன்னே மீன் மணம் வந்துவிடும். அப்போது சம்பூர்ப் பொடியன் என்றாலே இயக்கக்காரனோ என்று ஆமிக்குச் சந்தேகம். வெளியில் யாரும் ஊர் கேட்டால் உப்புவெளி என்றுதான் சொல்வான். ராப்பிலும் சம்பூர் என்று பாட மறுத்தான்.

"ராசாவே ஊர் சொல்லித்தான்டா வாறார். உனக்கென்ன?"

"ராசாவிட்ட ஆரும் ஐடென்டி காட் கேக்கமாட்டினம், சேர்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு, எல்லோர் முன்னும் அவனைப் பயந்தாங்கொள்ளி என்றேன்.

கூத்தன்று பாடினான். பெயர், ஊர், விட்டுவந்த வீட்டு வளவின் மாமரம் வரைக்கும். சபை எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை. ராப் பிடிக்காதவர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவனுடைய அக்கா வாசலில் நின்றாள். மீன்வாடிக்கு நடந்துபோனவனை யாரோ வான் வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பாத்த ஆக்கள் சொல்லுகினம், சேர். எந்த ஊரெண்டு கேக்கேல்லையாம். அவையே ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டவையாம்."

நாற்காலியொன்றை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"கூத்துக்கு நான் வர ஏலாமப் போச்சு. நல்லாப் பாடினவனே, சேர்?"

"ஓம்" என்றேன். பாட வைத்தது நான் என்று சொல்லவில்லை.

அவன் திரும்பி வரவில்லை.

இப்போது சோதனைச்சாவடிகள் இல்லை. சனசமூக நிலையம் இருந்த இடத்தில் போன் கடை. நேற்று அந்தப் பொடியன் ஊரைச் சொன்னபோது எவரும் திடுக்கிடவில்லை. பின்வரிசையில் கைதட்டாதவர் யாரும் இருக்கிறார்களா என்று தேடியது நான் ஒருவன்தான்.