கேட்காமல் வழியனுப்பிய மாரிட்

மாரிட் ஹால்வர்சன் இப்போது அமெரிக்காவில், அயோவாவில், ஒரு பல் வைத்தியரிடம் தொலைபேசி எடுக்கிற வேலை பார்க்கிறாள். அவள் ஆசிரியையாக இருந்திருக்க வேண்டியவள். இருபத்திரண்டு வயதில் ஈக்வடாரின் மலைநகரமான கித்தோவுக்கு வந்து, எங்கள் சர்வதேசப் பள்ளியில் பதினைந்து வாரம் பயிற்சி ஆசிரியையாக இருந்தாள். முடிவில் நான் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு ஊரில் ஆசிரியை உரிமம். நான் பெக்; மூன்றாம் வகுப்பு என்னுடையது. பத்து வருடமாக அங்கே குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன்.

நெடுநெடுவென்று உயரம். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். பிள்ளைகளும் கூடவே நின்று, வேண்டுமென்றே மூச்சு வாங்கிக் காட்டுவார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான். பத்து வருடத்தில் எனக்காக ஒரு பிள்ளையும் படியில் நின்றதில்லை.

வந்த இரண்டாம் வாரம் ஒரு கொரியப் பையன் நடு வருடத்தில் பள்ளியை விட்டுப் போனான். ஏன் போகிறாய் என்று மாரிட் கேட்டுவிட்டாள். மதியம் வரை அழுதான். நான் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போய்த் திட்டினேன்.

"எந்தப் பிள்ளைகிட்டயும் ஏன் போறேன்னு கேக்காதே. அப்பாவுக்கு மாற்றல், அவ்வளவுதான். கையில பெயின்டைப் பூசி தாழ்வாரச் சுவத்துல பதிக்க விடு. எல்லாருமா ஒரு பாட்டுப் பாடுங்க. அனுப்பு."

"சரி பெக். இனிமே கேக்க மாட்டேன்."

பன்னிரண்டாம் வாரம் வகுப்பு முழுக்க அவள் கையில். நான் ஆசிரியர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அன்று வியாழக்கிழமை. லீஸ்பெட் என்ற பெல்ஜியக் குழந்தை, எட்டு வயது, மாரிட்டிடம் வந்து, "மிஸ், எனக்கு இன்னிக்குக் கடைசி நாள்" என்றாள்.

மாரிட் ஏன் என்று கேட்கவில்லை. லீஸ்பெட் மஞ்சள் நிறம் கேட்டாள், கை பதித்தாள். வகுப்பே பாடியது. கை நிறைய வாழ்த்து அட்டைகளோடு வாசலுக்கு வந்தவளைக் காவலாளி செகுந்தோவும் பார்த்தார்.

"அப்பா வண்டி தெருவுல நிக்குது" என்றாள்.

"நல்லபடியா போயிட்டு வா கண்ணு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

நான்கு மணிக்கு அவள் அப்பா வந்தார். "என் பொண்ணு எங்கே?"

மாற்றலும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா கோபித்துக்கொண்டு தூரத்துக் கடலோர நகரம் குவாயாகிலுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. குழந்தை அம்மாவைத் தேடிப் புறப்பட்டிருக்கிறாள். ஊரை விட்டுப் போகிற பிள்ளையை இந்தப் பள்ளியில் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மாரிட் வருகைப் பதிவு எடுத்தபோது வாய்ப்பழக்கத்தில் லீஸ்பெட்டையும் கூப்பிட்டுவிட்டாள்.

"அவதான் போயிட்டாளே மிஸ்" என்றான் ஒருவன். மாரிட் பதிவேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மீதிப் பெயர்களை நான் வாசித்தேன்.

சனிக்கிழமை குவாயாகில் பேருந்து நிலையத்தில் லீஸ்பெட் உயிரோடு கிடைத்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு இரவு எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று யாரிடமும் அவள் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு இருபது வயதாவது இருக்கும். அந்த இரண்டு இரவுகள் இன்றும் என்னை விட்டபாடில்லை. நான் காப்பி குடிக்க உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் எங்கள் இருவரையும் அழைத்தார். போகிற பிள்ளை அலுவலகத்திலிருந்து சீட்டுக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்க்காமல் வகுப்பில் யாரையும் வழியனுப்பக் கூடாது. பள்ளியில் அதுதான் விதி. அதை நான் மாரிட்டுக்குச் சொல்லவே இல்லை.

"சீட்டைக் கேட்டு வாங்கணும்னு பெக் உனக்குச் சொல்லித் தரலையா?" என்றார் அவர்.

மாரிட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நான் பேசுவதற்கு வேண்டிய நேரம் கொடுத்தாள். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். ஜன்னலைப் பார்த்தேன்.

"சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன்" என்றாள் மாரிட்.

அவர் மாரிட்டின் பயிற்சி மதிப்பீட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'தகுதியில்லை' என்று எழுதி, கீழே என் முழுப்பெயரையும் போட்டேன்.