முற்றத்தில் நிற்கிறவன்

அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஏசுஅடிமையைப் பயந்தாங்கொள்ளி என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப் போகட்டும். மீசை முளைக்குமுன்னே நெற்றி விளக்கோடு இருட்டுத் தோட்டத்துக்குள் இறங்கின மனுஷன். காலடியில் பாம்பு நெளிந்தாலும் “போ சவமே” என்றுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவான். கல்யாணத்துக்கு மறுநாளே வெட்டுக்குப் போனவன் என்று மனைவி குளோரி இன்றைக்கும் முறைப்பாள்.

அவனுக்கும் அண்ணன் ரசலையனுக்கும் பெற்ற அம்மையிடமிருந்தே ஹெபடைட்டிஸ் பி கிருமி வந்திருந்தது. யாருக்குத் தெரியும்? கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ரசலையன் ஈரல் கெட்டு வயிறு வீங்கிச் செத்த பிறகுதான் தம்பியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, ஒரு வருஷத்துக்கு என்றார் நாகர்கோவில் டாக்டர்.

ஊசி போட்டால் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போடும். மறுநாள் தோட்டத்தில் அண்ணன் இருப்பான். முதலில் கடைசி வரிசையில் கத்தி இழுபடும் சத்தம் மட்டுந்தான் கேட்டது. போய்ப் பார்த்தால் அங்கே மரப்பட்டை புதிதாகச் சீவியிருக்கும், சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், சரி. ஆனால் அந்தப் பால் விரலில் ஒட்டியதே, அதற்கு என்ன சொல்ல? வருஷம் முடியும் சமயம் அண்ணன் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டான். பேசமாட்டான். வாசலைப் பார்த்து நிற்பான், அவ்வளவுதான். ஏசுஅடிமையோ, ஊசி எப்போது முடியும் என்று தவித்துக் கிடந்தான்.

கடைசி ஊசி அன்றைக்கு டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“மருந்து நல்லா கேக்குது. கிருமி ரொம்ப இறங்கியாச்சு. இன்னும் ஆறு மாசம் நீட்டினா ஒரேயடியா போக வாய்ப்பிருக்கு. உறக்கம் எப்படி? இல்லாத ஆளு கண்ணுல தெரியுது, அப்படி எதாவது உண்டா? உண்டுன்னா ஊசிய நிறுத்திரணும்.”

ஏசுஅடிமை வாயைத் திறந்தான். சொல்லிவிட்டால் தீர்ந்தது தொல்லை.

“ஒண்ணும் கெடையாது டாக்டர்,” என்று முந்திக்கொண்டாள் குளோரி.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்காத குறைதான்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? அந்த எளவு ஊசிதான் அவனக் கூட்டிட்டு வருது! போன மாசம் ரத்தத்துல அணு கொறஞ்சுதுன்னு ஒரு வாரம் ஊசி போடல்ல. அந்த வாரம் முத்தத்துல அவன் இல்ல. எவ்வளவு சொகமா உறங்கினேன்! நான் உள்ள போயி உண்மையச் சொல்லப் போறேன்.”

குளோரி அவன் கையை விடவில்லை. அவள் கை சில்லென்றிருந்தது.

“முத்தத்துல எப்படி இருப்பாரு? அந்த வாரம் வெளுப்பாங்காலம் சாயா போட எழும்பினேன். உங்க அண்ணன் கட்டில்ல, உங்கள ஒட்டிப் படுத்துக் கிடந்தாரு. கை உங்க வயித்து மேல. அடுத்த ஊசி போட்ட பொறவுதான் எழும்பி வெளிய போனாரு.”

ஏசுஅடிமை வயிற்றைத் தடவிப் பார்த்தான். அப்புறம் திரும்பி மருந்துக்கடைப் பக்கம் நடந்தான்.

“ஏட்டி, அடுத்த ஊசிய இன்னைக்கே போடுவாவளான்னு கேளு,” என்றான்.