வாசலில் வங்கி, உள்ளே யாரோ

ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே யாராவது பதில் சொல்கிறார்களா என்று காத்திருப்பதுதான் எங்கள் தொழில். அடுத்தவர் வேலையைச் சரிபார்த்து வசவு வாங்கியவர்களுக்கு இது புரியும். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஔந்த் என்ற புறநகரில் ஒரு சின்ன கம்பெனியில் பாதி நாள் வேலை பார்த்தேன். ஒரு வெப் முகவரி எந்த இடத்துக்குப் போகிறது என்று பிரித்துச் சொல்லும் புரோகிராம். அது உலகப் பொது விதிப்படி பிரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீள எண்

முதல் நாள், பெயரோ புள்ளியோ இல்லாத, வெறும் நீள எண்ணாக ஒரு முகவரியைத் தட்டினேன். திரையில் என் பெயர் வந்து நின்றது. என்னைக் காகூ, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பக்கத்து மேஜை நீதா சிரித்தாள். அவள் எனக்காகப் போட்டு வைத்த பக்கமாம் அது.

"காகூ, அந்த எண் உங்க மிஷினையேதான் குறிக்கும். உங்க கதவை நீங்களே தட்டியிருக்கீங்க!"

பெயர்ப்பலகை

எங்கள் கஸ்டமர் ஒரு வங்கி. மெயிலில் வரும் இணைப்பு முகவரி தன்னுடையதுதானா என்று பார்க்க இந்தப் புரோகிராமை வாங்குகிறது. முதலில் வங்கிப் பெயர், நடுவில் @, பிறகு முன்பின் தெரியாத ஒரு பெயர் என்று ஒரு முகவரி கொடுத்தேன். விதிப்படி @-க்குப் பிறகு இருப்பதுதான் வீடு. புரோகிராமோ, "வங்கியேதான்" என்றது. நம்பி நுழைகிறவரின் பாஸ்வேர்ட் யாரிடம் போகும்? தப்பு என்று என் சோதனைத் தாளில் சிவப்பு போட்டேன். எங்கள் குழுத் தலைவர் தேஷ்முக் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படியெல்லாம் யார் மேடம் முகவரி எழுதுவாங்க?"

எல்லாம் பச்சை

மறுநாள் காலை என் தாளில் ஒரு சிவப்புகூட இல்லை. புரோகிராமை யாரும் தொடவில்லை. சரியான விடை என்று நான் எழுதிய இடத்தில், அது சொன்ன தப்பு விடையே இருந்தது. கீழே, நான் எழுதியது போலவே, என் பெயர். தாளை எடுத்துக்கொண்டு தேஷ்முக்கிடம் போனேன்.

"புரோகிராமைத் திருத்த மூணு நாள், விடையைத் திருத்த மூணு நிமிஷம். சாயங்காலம் கஸ்டமர் வர்றார். கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா நாளையிலேர்ந்து வீட்டையே பாருங்க!"

கையெழுத்துக் கட்டம்

போடவில்லை. வந்த வங்கி அதிகாரியின் முன்னாலேயே அந்த முகவரியை ஓட்டிக் காட்டினேன். அவர் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதே அமைப்பில் இன்னொரு முகவரி. தட்டினேன். "வங்கியேதான்."

"மேடம், இது போன வாரம் எங்க ரிட்டயர்ட் கஸ்டமர் ஒருத்தருக்கு வந்த மெயில். அவரும் இதேதான் நினைச்சார்."

அன்றோடு வேலை போயிற்று, ஆனால் என் கையெழுத்துக் கட்டம் காலியாகவே போனது என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.